கைம்மாறும் காணிக்கையும்

திருமணப் பந்தலுக்குள் நுழைகிறோம். வாயிலை அடுத்து ஒரு மேசை. மேசைமீது ஒரு நோட்டுப் புத்தகம். அதன் எதிரே மூக்குக்கண்ணாடியுடன் உறவினர் ஒருவர். வருவோர் பணத்தை நீட்டுகின்றனர். அவர் எண்ணிப் பார்க்கிறார், ஊர் எது, பெயர் எது என்று கேட்கிறார், தொகையை எழுதுகிறார். மொய்! வெட்கப்பட்டு மறைத்துச் செய்யும் வேலையன்று அது. ஊரறிய, உரத்த குரலில் நடைபெறுவது. மொய் வைத்தவர் வீட்டில் அடுத்த ஆண்டு காதணி விழா என்றால், இந்த வீட்டார் ஏட்டைப் புரட்டுவர், தொகையைக் காண்பர், அதற்குக் குறையாமல், இயலுமானால் சற்றுக் கூட்டியே கொண்டுசென்று வைப்பர். புதுக்கோட்டையும் தஞ்சையும் எல்லை தொடும் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் மணமும் இன்றி, காதணியும் இன்றி, மொய்க்கென்றே ஆடி ஆவணியில் விருந்து வைக்கும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. சேர்ந்த பணத்தில் ஒருவர் கிணறு வெட்டுகிறார். ஒருவர் மகனைப் படிக்க வைக்கிறார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஏடும் ஊராரின் நினைவுமே பிணை. மொய்யைப் போற்றிப் பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கடன் வாங்கி மொய் வைத்து, அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியவர்களின் கண்ணீரையும் நாம் அறிவோம்.

அதே பந்தலின் மறு கோடியைப் பாருங்கள். புகை மூட்டம், நெய் மணம், புரியாத மொழியில் முணுமுணுப்பு. அங்கும் பணம் கை மாறுகிறது; வேட்டி கை மாறுகிறது; தேங்காயும் பழமும் அரிசியும் கை மாறுகின்றன. அதை எழுதுவார் எவருமில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டால், “திரும்ப வாங்கவா கொடுத்தோம்? புண்ணியமன்றோ!” என்பர். புரோகிதர் வந்து திருப்பி வைத்த மொய்யை எண்ணி வாங்கிய குடியானவன் எந்த ஊரிலாவது உண்டா? மந்திரம் ஓதினாரே, அதற்கான கூலி இது என்று சிலர் சமாதானம் கூறுவர். கூலி என்று அவர் எதிரிலேயே சொல்லிப் பாருங்கள். முதலில் சினப்பவர் அவராகத்தான் இருப்பார்.

ஒரே பந்தல், ஒரே நாள், ஒரே பணப்பை. ஆனால் இரு வேறு கொடைகள். ஒன்று திரும்பி வருவது, மற்றொன்று திரும்பாதது. முன்னதைக் கைம்மாறு என்போம். பின்னதைக் காணிக்கை என்போம். ஆங்கிலத்தில் ‘ரெசிப்ராசிட்டி’ எனப்படும் இந்தக் கைம்மாற்றை மானிடவியலார், சமூகவியலார், உயிரியலார், பொருளியலார் எனப் பல துறையினரும் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றை நாம் அறிந்துகொள்வது நன்று. அவர்கள் இடறிய இடத்தை அறிந்துகொள்வது அதனினும் நன்று.

கடவுள் இல்லை, மோட்சம் இல்லை, நரகம் இல்லை என்று நாம் மேடையேறிச் சொல்லும்போதெல்லாம் எதிரே எழும் கேள்வி ஒன்றுண்டு. “அப்படியானால் ஒருவன் மற்றொருவனுக்கு ஏன் உதவ வேண்டும்? மேலே ஒருவன் கணக்கெழுதுகிறான் என்ற அச்சம் போய்விட்டால், மனிதன் விலங்காகிவிட மாட்டானா?” என்பர். விலங்கையே கேட்டுவிடுவோம்.

1871இல் வெளிவந்த நூலில் மனிதனின் தோற்றத்தை ஆராய்ந்த டார்வின், ஒழுக்கத்தின் தோற்றத்தையும் விட்டுவிடவில்லை. தான் உதவினால் தனக்கும் உதவி வரும் என்பதைத் தொல்மனிதன் பட்டறிவால் கற்றிருப்பான்; அந்தத் தன்னலக் கணக்கே நாளடைவில் பழக்கமாகி, இரக்கமாக வளர்ந்திருக்கும் என்பது அவர் கருத்து. ஆனால், டார்வினின் பெயரால் பேசியவர்களோ ‘வலியது வாழும், மெலியது மாயும்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டனர். ஆலை முதலாளிக்கு அது இனித்தது. பேரரசு கட்டியவர்களுக்கும் இனித்தது. இளவரசராய்ப் பிறந்து, பட்டத்தைத் துறந்து, சிறை சென்று, நாடு கடந்து வாழ்ந்த உருசிய அறிஞர் குரோப்போட்கின் அதை மறுத்தெழுந்தார். இளமையில் சைபீரியாவின் உறைபனி வெளிகளில் அலைந்தபோது, ஒன்றையொன்று கடித்துக் குதறும் விலங்குகளை எதிர்பார்த்துச் சென்ற அவர், ஒன்றுக்கொன்று துணைநின்று பனியை வெல்லும் கூட்டங்களையே மிகுதியாகக் கண்டார். 1902இல் அவர் வெளியிட்ட ‘பரஸ்பர உதவி’ என்னும் நூல் அதன் விளைவு.

குரோப்போட்கின் கண்டது காட்சி. கணக்குப் பிறகு வந்தது. உறவல்லாத உயிர்களுக்கிடையேயும் உதவி எவ்வாறு நிலைக்க முடியும் என்பதை 1971இல் டிரிவர்ஸ் என்னும் உயிரியலாளர் விளக்கினார். மீண்டும் மீண்டும் சந்திக்கும் உயிர்கள், உதவியவரை நினைவில் வைத்து, ஏமாற்றியவரை அடையாளம் காண முடியுமானால், அங்கே கைம்மாறு தழைக்கும் என்றார். சான்று கிடைத்தது எங்கே தெரியுமா? வௌவாலிடம்! மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிக்கா நாட்டில் குருதி குடித்து வாழும் வௌவால்களை ஆராய்ந்த வில்கின்சன், 1984இல் தம் முடிவை வெளியிட்டார். இரண்டு மூன்று இரவுகள் இரை கிட்டாவிட்டால் இவ்வௌவால் இறந்துவிடும். பசித்து வரும் தோழனுக்கு, உண்டு வந்த வௌவால் தன் வயிற்றுக் குருதியைக் கக்கி ஊட்டுகிறது. தனக்கு முன்பு ஊட்டியதற்கே மிகுதியாக ஊட்டுகிறது. இரத்தக் காட்டேரி என்று மனிதன் பழித்த உயிரிடம் நன்றி இருக்கிறது. அது எந்தக் கோயிலில் கற்றதோ!

இதே காலத்தில் அமெரிக்க மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் அரசியல் பேராசிரியர் ஆக்சல்ராட், கணிப்பொறியில் ஒரு போட்டி நடத்தினார். இருவர் ஆட்டம் அது. இருவரும் ஒத்துழைத்தால் இருவர்க்கும் நலம். ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் ஏமாற்றினால் ஏமாற்றியவர்க்குப் பெருநலம், ஏமாந்தவர்க்கு ஒன்றுமில்லை. இருவருமே ஏமாற்றினால் இருவர்க்கும் அற்பம். இதைப் பலமுறை திரும்பத் திரும்ப ஆட வேண்டும். அறிஞர்கள் அனுப்பிய 14 திட்டங்கள் முதற்போட்டியில் மோதின. சூழ்ச்சி மிக்கவை, நீண்டவை, தந்திரக் கணக்குகள் நிறைந்தவை எல்லாம் தோற்க, வென்றது மிகச் சிறியதொரு திட்டம். டொராண்டோ பல்கலைக் கழகத்து ராப்போபோர்ட் அனுப்பியது. முதலில் ஒத்துழை, பின்னர் மற்றவர் செய்ததையே நீயும் செய். அவ்வளவுதான்! செய்தியறிந்து இரண்டாம் முறை 62 பேர் திட்டம் அனுப்பினர். மீண்டும் அதுவே வென்றது. தானாக ஏமாற்றத் தொடங்குவதில்லை. ஏமாற்றினால் சும்மா இருப்பதுமில்லை. திருந்தினால் பழியை நீட்டிப்பதுமில்லை. பணிந்து பணிந்து கொடுத்துக்கொண்டே இருக்கும் திட்டத்தை மற்றவை சூறையாடின என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே சற்று நிற்போம். அந்தப் போட்டியின் விதி என்ன? இருவர் முன்னும் ஒரே பலகை. இருவர்க்கும் ஒரே ஆட்டம். ஒருவர் ஏமாற்றினால் மற்றவரும் கையை மடக்கிக்கொள்ள உரிமையுண்டு. அந்த உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்திருந்தால்? போட்டி நடந்திராது, கொள்ளைதான் நடந்திருக்கும்.

இந்த மறுக்கும் உரிமையையே நடுவில் வைத்து 1982இல் ஜெர்மனிப் பொருளியலார் ஓர் ஆய்வு செய்தனர். ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, முன்பின் அறியாத இன்னொருவருடன் பங்கிட்டுக்கொள்ளச் சொல்வர். எவ்வளவு தருவது என்று முன்னவர் கூறலாம்; ஏற்பதோ மறுப்பதோ பின்னவர் விருப்பம். மறுத்தால் இருவர்க்கும் ஒன்றுமில்லை. பொருளியல் ஏடுகளின்படி பார்த்தால், காலணா கொடுத்தாலும் பின்னவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றுமில்லாததற்குக் காலணா மேலன்றோ! மக்கள் அப்படி நடக்கவில்லை. அற்பப் பங்கை நீட்டியவர் முகத்தில் அதை வீசி எறிந்தனர். தமக்கும் இல்லாமற் போகட்டும் என்றனர். பின்னர் ஹென்ரிக் முதலானோர் வேட்டையாடிகள், மேய்ப்பர்கள், சிறு பயிரிடுவோர் என 15 சமூகங்களில் இதே ஆய்வை நடத்தி, 2001இல் வெளியிட்டனர். பெருவின் காடுகளில் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாகக் கால் பங்களவே நீட்டினர். இந்தோனேசியாவின் இலமலேரா ஊரில், பலர் கூடிப் படகேறித் திமிங்கிலம் பிடித்து, ஊரே பங்கிட்டு உண்ணும் மக்களோ பாதிக்கு மேலேயே நீட்டினர். சேர்ந்து உழைப்பவர் கை தாராளமாக இருந்தது. நியூகினியின் அவு, நாவ் மக்களிடம் வேடிக்கையொன்று நடந்தது: பாதிக்கு மேல் கொடுத்தால் அவர்களிற் பலர் மறுத்துவிட்டனர்! பெற்றால் பெற்றவரிடம் கட்டுப்பட வேண்டும். அந்தக் கட்டு எங்களுக்கு வேண்டாம் என்பது அவர்கள் வாழ்க்கை கற்பித்த பாடம்.

பெறுவதே ஒரு பிணைப்பு என்னும் இச்செய்தியை, இதற்கெல்லாம் மிக முன்னரே, அதே நியூகினிக்கு அருகிலுள்ள தீவுகளில் கண்டவர் மாலினோவ்ஸ்கி. போலந்தில் பிறந்த அவர் ஆஸ்திரியக் குடியினர். 1914இல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டிஷாரின் ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஊர் திரும்பும் வழி அடைபட்டது; அவரோ திரோபிரியாந்து தீவுகளுக்குச் சென்று, கூடாரமடித்து, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களோடு வாழ்ந்தார். அங்கே சிவப்புச் சங்கு மாலைகள் தீவு தீவாக ஒரு திசையில் சுற்றுகின்றன. வெள்ளைச் சங்கு வளைகள் எதிர்த் திசையில் சுற்றுகின்றன. எவரும் அவற்றை வைத்துக்கொள்வதில்லை; சிலகாலம் போற்றி வைத்திருந்து அடுத்த தீவின் தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும். உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்து இதைச் செய்கின்றனர். ‘கூலா’ என்பது அதன் பெயர். நம் கூலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நமக்கு மாலையைவிட மீன் முக்கியம். கரையோர ஊரார் பிடித்த மீனை உள்நாட்டு ஊரார்க்குத் தருவர். அவர்கள் விளைந்த கிழங்கைக் கொணர்ந்து கொடுப்பர். ஒவ்வொருவருக்கும் அந்த ஊரில் நிலையான ஒரு பங்காளி உண்டு. கடமை தவறினால் என்ன ஆகும்? பேய் அடிக்குமா, தெய்வம் தண்டிக்குமா என்று ஐரோப்பியர் கேட்டுக்கொண்டிருந்தனர். காட்டு மக்கள் அச்சத்தாலும் மூட வழக்கத்தாலுமே விதிக்குக் கட்டுப்படுகின்றனர் என்பது அன்றைய அறிஞர் உலகின் நம்பிக்கை. 1926இல் வெளியிட்ட நூலில் மாலினோவ்ஸ்கி அதை உடைத்தார். நான் கொடுக்காவிட்டால் நீயும் கொடுக்கமாட்டாய்; அது ஊரறிய நடக்கும்; என் பெயர் கெடும். இதுவே அங்குச் சட்டம் என்றார். போலீசில்லாத, வேதமில்லாத ஊரில் நேர்மை இருந்தது.

பிரான்சிலிருந்தபடியே இவற்றையெல்லாம் படித்தவர் மார்செல் மோஸ். பேரறிஞர் துர்க்கைமின் மருமகன், சமதர்மக் கொள்கையர், கூட்டுறவு இயக்கத்துக்காரர். மாமனின் மாணவர் பலரைப் போர் தின்றுவிட, எஞ்சியவர்களைக் கூட்டி மாமனின் ஆய்வேட்டை அவர் மீண்டும் தொடங்கினார். அதில் 1925இல் வந்ததே ‘கொடை’ பற்றிய அவரது கட்டுரை. கொடுக்கக் கடமை, ஏற்கக் கடமை, திருப்பித் தரக் கடமை என்னும் மூன்றையும் அவர் வகுத்துக் காட்டினார். வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரை மக்கள் பெருவிருந்து வைத்துச் செல்வத்தை வாரி வழங்கும் ‘பொட்லாட்ச்’ என்னும் வழக்கத்தை அவர் விரிவாக எடுத்துரைத்தார். அந்த விருந்தைக் கனடா அரசு 1884இல் சட்டம் செய்து தடுத்திருந்தது. கொடுத்து மகிழ்வது குற்றமாம்! 1921இல் ஒரு விருந்தில் புகுந்து, ஆடிப்பாடியவர்களைச் சிறையிலிட்டு, முகமூடிகளையும் அணிகளையும் பறித்துச் சென்றனர். 1951இல்தான் அந்தத் தடை சட்டத்திலிருந்து நீங்கியது. நாகரிகம் கற்பிக்க வந்தவர்கள் செய்தது அது.

நூலின் முடிவில் மோஸ் தொழிலாளிக்கு வருகிறார். தொழிலாளி தன் உழைப்பையும் வாழ்வையும் சமூகத்துக்குக் கொடுத்திருக்கிறான். கூலி கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்துவிடவில்லை. நோய்க்கும் முதுமைக்கும் வேலையின்மைக்கும் பாதுகாப்பளிக்கும் கடன் சமூகத்துக்கு இன்னும் இருக்கிறது என்கிறார். தொழிலாளர் காப்பீட்டைக் கருணை என்று எண்ணுவோர் இப்பகுதியைப் படித்துப் பார்க்கட்டும்.

ஆனால், அந்த நூலில் நம் நெஞ்சைத் தொட்ட இடம் இவை எதுவுமன்று, ஓர் அடிக்குறிப்பு. பண்டை உரோம், ஜெர்மானியச் சட்டங்களோடு இந்திய தரும நூல்களையும் மோஸ் அலசுகிறார். மகாபாரதத்தின் தானப் பகுதியைப் புரட்டுகிறார், மனுவைப் புரட்டுகிறார். கொடுப்பது பற்றிக் குவியல் குவியலாக விதிகள்! திருப்பித் தருவது பற்றி? தேடிப் பார்த்தும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை என்று அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். தெளிவாகக் கிடைப்பது திருப்பித் தருவதைத் தடுக்கும் விதியே என்கிறார். தொடக்கத்தில் சிராத்தம் என்பது உறவினரும் நண்பரும் ஒருவரையொருவர் அழைத்து உண்பித்த விருந்தாக இருந்திருக்க வேண்டும். பின்னர் அது தடுக்கப்பட்டது என்பது அவர் ஊகம். மனுதர்மத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தால் உண்மை விளங்கும்: சிராத்தத்தில் நண்பனுக்கு உணவிடாதே, நட்பு வேண்டுமானால் வேறு பரிசு கொடுத்துத் தேடிக்கொள், இந்த உணவு வேதியனுக்கே உரியது என்கிறது.

உலகெங்கும் மக்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர்க்கொருவர் பரிமாறிக்கொண்ட உணவு, இந்நாட்டில் மட்டும் ஒரு வரிசையில் நேராக ஓடி ஓர் இலையில் போய் நின்றுவிட்டது. நண்பன் வந்து உண்டால் நாளை அவன் வீட்டில் நீ உண்பாய். அது கணக்குக்குள் வந்துவிடும். ஆகவே அது தருமமாகாது. எவன் திருப்பித் தரவே மாட்டானோ அவனுக்குக் கொடுப்பதே தருமம்! பலன்? கண்ணுக்குத் தெரியாத பலன். செத்த பிறகு வரும் பலன். வரவு வைக்க ஏடில்லாத பலன். வாங்குவதையே ஒரு பிறப்பின் உரிமையாகவும், பிறர்க்கு ஏவல் செய்வதையே இன்னொரு பிறப்பின் ஒரே தொழிலாகவும் அதே மனு வகுத்திருப்பதையும் சேர்த்துப் படித்தால், அந்தப் பந்தலின் மறு கோடியில் ஏன் நோட்டுப் புத்தகம் இல்லை என்பது புலப்படும்.

தமிழ் வேந்தரும் இதற்கு விலக்கல்லர். கடாரம் வென்ற முதலாம் இராசேந்திரன் காலத்துக் கரந்தைச் செப்பேடுகளைப் பாருங்கள். திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரில் ஊர்கள் பலவற்றை ஒன்றாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார்ப்பனர்க்குப் பங்கிட்ட செய்தி, தனித்தனிப் பெயர்களோடு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெற்றவர் பெயர் ஒன்றுகூட விடுபடாமல் செம்பில் நிற்கிறது; அந்நிலத்தில் கால் வைத்து உழுதவர் பெயரைத் தேடாதீர்கள். வள்ளுவர் ஈகைக்கு முன்னே ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அவர் நூலைப் போற்றிய நாட்டில்தான் இதுவும் நடந்தது.

காசியில் ஈமச்சடங்கு செய்யும் புரோகிதர்களிடையே ஆய்வு நடத்திய ஜொனாதன் பாரி என்னும் ஆங்கில மானிடவியலார், 1986இல் எழுதிய கட்டுரையில் மோஸின் அந்த அடிக்குறிப்பை மீண்டும் எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். தானத்தோடு கொடுப்பவனின் பாவமும் சேர்ந்து வருகிறதென்றும், அதைச் செரிக்கும் ஆற்றல் தமக்கில்லை என்றும் அப்புரோகிதர்களே புலம்பியதை அவர் பதிவு செய்திருக்கிறார். கொடுத்தவனுக்கு ஏமாற்றம், வாங்கியவனுக்கு அச்சம்! மூடநம்பிக்கை இரு புறமும் கூரான கத்தி.

இனி, அறிஞர்கள் இடறிய இடத்துக்கு வருவோம். அமெரிக்கக் கிறித்துவ ஊழியர் வில்லியம் வைசரும் அவர் துணைவியார் சார்லட்டும் 1925 முதல் ஐக்கிய மாகாணத்தின் மைன்புரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தனர். அவ்வூர்க்குக் கரீம்பூர் என்று மாற்றுப் பெயர் சூட்டி, 1936இல் வைசர் ஒரு நூல் வெளியிட்டார். தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், துப்புரவு செய்வோர் எனச் சாதி சாதியாக எவர் எவர்க்கு என்ன வேலை செய்கின்றனர், அறுவடையில் என்ன பெறுகின்றனர் என்று பட்டியலிட்டார். உழைப்புக்குரிய பட்டியல் அது; குறை சொல்ல மாட்டோம். ஆனால், அதற்கு அவர் தந்த விளக்கம்? ஒவ்வொருவரும் ஒரு முறை எசமானர், ஒரு முறை ஏவலர். ஒருவர்க்கொருவர் உதவிக்கொள்ளும் ஒழுங்கு என்றார். ‘ஜஜ்மானி முறை’ என்று அது அறிஞர் உலகில் பெயர் பெற்றது. மலம் சுமப்பவரும் மந்திரம் ஓதுபவரும் கைம்மாறு செய்துகொள்கிறார்களாம்! மலம் சுமப்பவர் வீட்டுக்கு வந்து, முறை மாற்றி எந்த வேதியர் எதைச் சுமந்தார்?

அதே 1936இல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலை அச்சிட்டார். அழைத்த இலாகூர் அமைப்பே அஞ்சி மாநாட்டைக் கைவிட்டதால், பேசாத பேச்சாகவே அது வெளிவந்தது. சாதி என்பது தொழிலைப் பிரிப்பதாக மட்டும் நிற்கவில்லை, தொழிலாளரையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அவர் அதில் நிறுவினார். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே பொருள். வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்கு ஒழுங்கு தெரிந்தது. உள்ளே கிடந்தவர் முதுகுக்குச் சுமை தெரிந்தது.

ஆய்வுலகம் திரும்பச் சில ஆண்டுகள் ஆயின. 1959இல் பீடல்மன் என்னும் அமெரிக்கர், நிலம் எவர் கையில் இருக்கிறது என்ற கேள்வியை அந்தப் பட்டியலின் மேல் வைத்துப் பார்த்து, இது கைம்மாறன்று, சுரண்டல் என்றார். மறு ஆண்டே, 1960இல், சமூகவியலார் கௌல்ட்னர் ‘கைம்மாற்று நெறி’ பற்றிய கட்டுரையை எழுதினார். உதவியவர்க்கு உதவு, உதவியவர்க்குத் தீங்கு செய்யாதே என்பது எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான நெறி என்று நிறுவ முயன்ற கட்டுரை அது. ஆனால், ஒருவர் வேலையும் மற்றவர் வேலையும் பொருந்தி நிற்பது மட்டும் கைம்மாறாகிவிடாது. வலிமை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஈடில்லாத கொடுக்கல் வாங்கலும் நெடுங்காலம் நிற்கும். சுரண்டல் என்ற சொல்லைச் சமூகவியலார் ஒதுக்கியது பிழை என்று அவரே எச்சரித்தார். இன்னும் ஒன்று: தொன்றுதொட்டு வந்ததாகப் பேசப்பட்ட அந்த ஜஜ்மானி முறை, அறிஞர் சித்திரித்த வடிவில், வட நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருவாயிற்று என்று 1993இல் பீட்டர் மேயர் வாதிட்டார். ‘அனாதி காலம்’ என்று சொல்லப்படுவனவற்றின் வயதை இப்படி ஒருவர் உட்கார்ந்து கணக்கிட்டால் பல ‘அனாதி’கள் நம் பாட்டனாரைவிட இளையவையாகத்தான் இருக்கும்.

நம் களத்துமேட்டிலும் அந்தக் கணக்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்துச் செங்கற்பட்டுப் பதிவுகளில், விளைச்சல் வீடு சேருமுன் களத்திலேயே ஊர்ப் பணியாளர்க்கு அளந்து விடும் பங்குக்கு ‘மேரை’ என்றும் ‘சுதந்திரம்’ என்றும் பெயர் காணப்படுகிறது. ஆம், சுதந்திரம்! அள்ளிப் போடும் நெல்லுக்கு அந்தப் பெயர்; பெறுபவர்க்கோ ஊரை விட்டுப் போக உரிமையில்லை, போதாது என்று சொல்ல வாயில்லை. ஆக்சல்ராட்டின் பலகையை இங்கே விரித்துப் பாருங்கள். ஆண்டை ஏமாற்றினால் பண்ணையாள் கையை மடக்க முடியுமா? அந்த ஜெர்மானிய ஆய்வில் அற்பப் பங்கை வீசி எறிந்தார்களே, அதுபோல் இவர் மரக்காலைத் தள்ளிவிட்டு நடக்க முடியுமா? 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது; கூலிக்கு ஓர் அளவு, வெளியேற்றத்துக்கு ஒரு தடை என்று சட்டம் முதன்முதலாக அந்தக் களத்துக்குள் கால் வைத்தது. அதற்குப் பின்னும் 1968 டிசம்பர் 25 இரவில், சங்கம் சேர்ந்து கூலி உயர்வு கேட்டவர்களின் கீழ்வெண்மணியில், ஒரே குடிசையில் 44 பேர் தீக்கிரையாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாம் பாடுபட்டு அமைத்த ஆட்சி நடந்த காலம் அது. மறைப்பதற்கில்லை. ‘இந்த அளவு போதாது’ என்று மறுக்கும் உரிமைக்கு அந்த மண்ணில் கேட்கப்பட்ட விலை அது.

மீண்டும் பந்தலுக்கு வருவோம். மறு கோடியில் இப்போது புகை இல்லை. 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டம் ஒப்புதல் அளித்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதாகக் கூறி மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் போதும், வேதியர் வேண்டியதில்லை. நீ என்னை ஏற்கிறாய், நான் உன்னை ஏற்கிறேன் என்னும் ஒப்பந்தமே மணமாயிற்று. காணிக்கை போயிற்று, மொய் மேசை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

அண்மையில் அப்படியொரு மணவிழாவுக்குச் சென்றிருந்தோம். மேடையில் நம் தலைவர்களின் படங்கள். சமத்துவம் பற்றி நெடிய சொற்பொழிவுகள். மேசையருகே அமர்ந்து ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஊர்ப் பெயர்களுக்கிடையே சேரித் தெருவின் பெயரும் நான்கைந்து இடங்களில் இருந்தது. மகிழ்ந்தோம், முன்பெல்லாம் அவர்கள் பந்தலின் பின்புறம் நின்று பறையடித்துவிட்டு, மிஞ்சிய சோற்றையும் ஒரு வேட்டியையும் வாங்கிச் சென்றவர்கள், ஏட்டில் பெயர் ஏறியதில்லை. “இவர்கள் வீட்டுத் திருமணத்துக்கு உங்கள் வீட்டார் போய் உண்டு, திருப்பி வைத்தார்களா?” என்று கேட்டோம். ஏடு எழுதியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மொய்யெல்லாம் சரியாகச் செய்துவிடுவோம் ஐயா. ஆள் மூலம் கொடுத்தனுப்பி விடுவோம்” என்றார்.